சிங்கப்பூரில் கடலோரமும் காடும் ஒரே ஓட்டத்தில் கிடைக்குமா?

வேலைக்காகப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கடல் என்றால் ஈஸ்ட் கோஸ்ட், காடு என்றால் மெக்ரிச்சி என்று ஆளாளுக்குக் கைகாட்டுகிறார்கள், இரண்டும் சேர்ந்த வழி கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் சொன்ன சிலர் "சிங்கப்பூரில் காடு ஏது, எல்லாம் நட்டு வைத்த மரம்" என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஈஸ்ட் கோஸ்ட் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சமதளம். கடல் பக்கத்திலேயே இருக்கும், காடு இருக்காது. மெக்ரிச்சியில் காடு உண்டு, கடல் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் தெற்குக் கரைக்கு வாருங்கள். லாப்ரடாரில் தொடங்கி, சதர்ன் ரிட்ஜஸ் என்ற குன்றுத்தொடர் ஏறி, ஃபேபர் மலை வழியாக ஹார்பர்ஃபிரண்டில் இறங்கும் வழி. நான் சொல்கிற சுற்றோடு மொத்தம் 9 கிலோமீட்டர் பக்கம் வரும். பலர் இதைத் தலைகீழாக, ஃபேபர் மலையிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். புதிதாக ஓடுபவர் அப்படிச் செய்யக்கூடாது. அந்தப் பக்கம் எடுத்த எடுப்பில் 24 மாடி உயரப் படிக்கட்டு. உடம்பு சூடாகும் முன்பே மூச்சு வாங்கி, மிச்ச வழியெல்லாம் நடக்க வேண்டியதுதான்.

லாப்ரடார் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே பெர்லாயர் கிரீக் (ஓடை) என்ற அலையாத்திக் காட்டுப் பாதை தொடங்குகிறது. 960 மீட்டர் மரப்பலகைப் பாதை. தீவின் தென்பகுதியில் மிஞ்சியிருக்கும் அலையாத்திக் காடுகள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று இது. வேகம் காட்டும் இடமில்லை: பாதை குறுகல், பறவை பார்க்க வருபவர்கள் கேமராக் காலை நடுவில் ஊன்றி நிற்பார்கள், மழை பெய்த மறுநாள் பலகை வழுக்கும். நிழலில் கிடக்கும் பலகையில் பாசி பிடிக்கும்; வெயில் படுகிற பலகையைவிட அதுதான் ஆபத்து. காலைக் குறுகக் குறுக வைத்து, திருப்பங்களில் நடந்துவிடுங்கள். இந்த ஒரு கிலோமீட்டரை உடம்பைச் சூடாக்க வைத்துக்கொண்டால் போதும்.

ஓடையின் முகத்துக்கு வந்ததும் இடதுபுறம் புக்கிட் செர்மின் பலகைப் பாதை, 330 மீட்டர், கடலுக்கு மேலேயே போகும். போய்த் திரும்பினால் 660. காற்று முகத்தில் அடிப்பது இங்கேதான், அதனால் விட்டுவிடாதீர்கள். பிறகு லாப்ரடார் பூங்காவின் கடற்கரை நடைபாதை: சமதளம், சிமெண்டுத் தரை. கொஞ்சம் வேகம் எடுக்க ஆசையென்றால் இந்த ஓட்டத்தில் இதுதான் ஒரே இடம். ஓரத்தில் கல் தூண் மாதிரி ஒன்று நிற்கும். பழைய மாலுமிகள் அடையாளமாகப் பிடித்து வந்த பாறையின் மாதிரி அது. அசலை 1848-ல் கப்பல் வழியை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். பெர்லாயர் என்றாலே மலாயில் கப்பலோட்டம்தான். மேலே இருக்கும் குன்று 2002-ல் அறிவித்த காப்புக்காடு; அதற்குள் போக அனுமதி காலை 7 முதல் மாலை 7 வரை.

இனி ஏற்றம். வந்த வழியே நிலையத்துக்குத் திரும்பி, அலெக்சாண்ட்ரா கார்டன் டிரெயில் வழியாக ஹார்ட்பார்க் என்ற தோட்டப் பூங்காவுக்குப் போங்கள். சாலையோரம், சுவாரஸ்யம் இல்லை. ஹார்ட்பார்க்கில் கழிப்பறை உண்டு, போய்விட்டு ஏறுங்கள். அங்கிருந்து அலெக்சாண்ட்ரா ஆர்ச், 80 மீட்டர் வளைந்த பாலம். அதைத் தாண்டினால் ஃபாரஸ்ட் வாக்.

இந்த வழியின் உயிர் இந்த 1.3 கிலோமீட்டர்தான், பலரும் தப்பாக ஓடுவதும் இங்கேதான். தரையிலிருந்து சில இடங்களில் 18 மீட்டர் உயரத்தில், மரங்களின் தலைமாட்டில் போகும் இரும்புக் கிராதிப் பாதை. கீழே இருக்கும் செடிக்கு வெயிலும் மழையும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத் தரையைக் கிராதியாக வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் ஏறும்படி சரிவைக் குறைத்ததால் பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறும். அதனால் நடப்பவை மூன்று. குதிகாலை ஊன்றி ஓடினால் இரும்பு ஒவ்வொரு அடிக்கும் முழங்கும், அதிர்ச்சி நேராக முழங்காலுக்குப் போகும். பாதத்தின் நடுப்பகுதியை ஊன்றுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே தாளத்தில் ஓடினால் பாதை லேசாக அதிரும், எதிரே வரும் வயதானவர்கள் பயந்து கம்பியைப் பிடிப்பார்கள், தாளத்தை மாற்றுங்கள். மூன்றாவது உங்கள் கடிகாரம். இலைக்கூரைக்கு அடியில் வளைந்து வளைந்து போகும்போது ஜிபிஎஸ் மூலைகளை வெட்டிவிடும், வேகத்தைக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து வேகம் கூட்டாதீர்கள். முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடிகிறதா என்பதுதான் இங்கே அளவு. உயரம் ஆகாதவர்கள் கிராதி வழியே கீழே பார்க்காமல், பத்தடி முன்னால் பார்த்துக்கொண்டு போனால் தலை சுற்றாது.

மேலே தெலுக் பிளாங்கா குன்று. அதையடுத்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம்: 274 மீட்டர் நீளம், சாலைக்கு 36 மீட்டர் மேலே. மரத்தளம் என்பதால் ஈரத்தில் இதுவும் வழுக்கும், படம் எடுப்பவர்கள் கூட்டமும் இங்கேதான். நடந்து கடப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதன்பின் ஃபேபர் மலை, கடைசியில் மராங் டிரெயில்: 800 மீட்டரில் 70 மீட்டர் இறங்கும் படிகள். களைத்த தொடையோடு இதில் ஓடி இறங்குவது முட்டாள்தனம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது அடிபடுவது முழங்கால். (நான் மருத்துவர் இல்லை, வாதாட வருபவர்கள் படியில் நாலு நாள் ஓடி இறங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.) நடந்து இறங்கினால் ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி வாசல்.

நேரம்: சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், ஏழுக்குத் தொடங்குங்கள். விடியலில் குளிர்ச்சி என்று நம்பி ஏமாறாதீர்கள். வெப்பம் குறைவு, ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். வியர்வை காயாமல் வழியும், உடம்பு குளிராது. ஊரில் ஓடிய வேகத்தை முதல் மூன்று வாரம் மறந்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும். மைஎன்வி என்ற அரசு வானிலைச் செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள், 33-ஐத் தொட்டால் அன்றைக்கு ஓய்வு.

அதே செயலியில் மின்னல் எச்சரிக்கையும் வரும். இங்கே ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் இடி. 'சுமத்ரா' என்கிற விடிகாலைச் சூறைமழை ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் அடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் இரும்புப் பாதையையும் பாலத்தையும் விட்டு இறங்கிக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. பாலத்து வளைவின் அடியில் ஒதுங்குவது ஒதுங்குவதே அல்ல.

குரங்கு உண்டு. பிளாஸ்டிக் பை சலசலத்தால் சாப்பாடு என்று வரும், அதனால் சாவி, அட்டை எல்லாம் இடுப்புப் பட்டையில். கூட்டத்தைக் கண்டால் நடைக்கு மாறுங்கள், பல்லைக் காட்டாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். தீனி போடுபவர்கள்தான் இதற்கெல்லாம் காரணம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இருந்தும் போடுகிறார்கள்.

காலணியைப் பற்றி: இரும்பு, பலகை, சிமெண்டு மூன்றும் இருப்பதால் சாதாரண சாலைக் காலணி போதும், ஆழமான முள் வைத்த காட்டுக் காலணி கிராதியில் இடறும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். காலணி என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். சிங்கப்பூரில் இருப்பவன் என்றாலே "ஊருக்கு வரும்போது ஒரு ஜோடி ஷூ வாங்கிட்டு வா, எட்டாம் நம்பர்" என்று கேட்கும் சொந்தங்கள். எந்த எட்டு? ஊரில் சொல்வது பிரிட்டிஷ் அளவு, பெட்டியில் கொட்டையாய்ப் போட்டிருப்பது அமெரிக்க அளவு. ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு நம்பர் கூடும். வாங்கிப் போய்க் கொடுத்தால் கடிக்கிறது என்று புகார் வேறு. சென்டிமீட்டரில் சொல்லச் சொல்லுங்கள், பெட்டியில் அதுவும் இருக்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், நாளைக்கு உங்களிடமும் கேட்பார்கள்.

ஏற்றமே ஆகாது என்றால் வடகிழக்கில் கோனி தீவு: சவுக்குத் தோப்பு, ஓரத்தில் கடல், முழுக்கச் சமதளம், காலை 7 முதல் மாலை 7 வரை. உள்ளே குடிநீர் கிடையாது. மணல் ஈ கடிக்கும், அரிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கடற்கரைப் பக்கம் இறங்காமல் நடுப்பாதையிலேயே ஓடுங்கள், நீளக் காலுறை போடுங்கள்.

கடைசியாக ஹார்பர்ஃபிரண்டில் இறங்கியதும் தண்ணீரை வெளியிலேயே குடித்து முடித்துவிடுங்கள். எம்ஆர்டி நுழைவாயிலைத் தாண்டி ஒரு மடக்கு குடித்தாலும் 500 வெள்ளி வரை அபராதம் போடலாம்.