விழித்திரையின் நரம்புச் செல்கள் அமினோ அமிலங்களைக் கொண்டு எவ்வாறு செய்தி அனுப்புகின்றன?

கண் மருத்துவமனை ஒன்றில் விழித்திரை மின்பதிவு (ஒளிக்கு விழித்திரை காட்டும் மின்மாற்றத்தின் பதிவு) எடுக்கும் பணியில் இருக்கிறேன். புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் பார்வைச் செய்தியை எப்படிச் சுமக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். விழித்திரையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை குளூட்டமேட், காபா, கிளைசின் ஆகிய மூன்று. இவற்றுள் காபா மட்டும் புரதங்களில் இடம்பெறுவதில்லை. நரம்புச் செல்லே குளூட்டமேட்டிலிருந்து அதைத் தயாரித்துக்கொள்கிறது.

இதைப் படிக்கத் தொடங்கும் எவரும் தடுமாறும் இடம் குளூட்டமேட்தான். ஒளி பட்டவுடன், அதை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் குளூட்டமேட்டை வெளியிடும் என்றே எதிர்பார்ப்போம். உண்மையில், இருளில் ஏறத்தாழ -40 மில்லிவோல்ட் அழுத்தத்தில் இருக்கும் அச்செல்கள் குளூட்டமேட்டை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒளி பட்டதும் அழுத்தம் -70ஐ நோக்கி இறங்க, வெளியீடு குறைகிறது. இந்தக் குறைவை அடுத்த நிலையிலுள்ள இருமுனைச் செல்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கின்றன. ஒரு வகையில், குளூட்டமேட்டைப் பிடிக்கும் புரதமான ஏற்பியே மின்னூட்டத் துகள்களை உள்ளே விடும் அயனி வாயிலாகவும் இருப்பதால், குளூட்டமேட் வந்தால் அது திறந்து செல் தூண்டப்படுகிறது. அதாவது, அச்செல் இருளுக்கு விழித்துக்கொள்கிறது. மற்றொரு வகையில் எம்குளூஆர்6 என்னும் ஏற்பி உள்ளது. குளூட்டமேட் அதில் ஒட்டியிருக்கும்வரை டிஆர்பிஎம்1 என்ற வாயில் மூடியிருக்கும். ஒளி பட்டுக் குளூட்டமேட் குறைந்த பிறகே அது திறக்கும். மூலக்கூறு ஒன்றுதான், அதன் பொருளை முடிவு செய்வது பெறுகிற செல்.

இந்த வேறுபாட்டை நான் பணியில் நேரில் காண்கிறேன். கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, 20 நிமிடம் இருளில் அமர்த்தி, பிறகு வலுவான மின்னொளி காட்டினால், திரையில் கோடு முதலில் கீழே இறங்கி, உடனே உயர்ந்தெழும். இறக்கம் ஒளியுணர் செல்களுடையது. ஏற்றம் பெரும்பாலும் நான் சொன்ன இரண்டாம் வகை இருமுனைச் செல்களுடையது. பிறவியிலேயே மாலைக்கண் உள்ள சில குழந்தைகளிடம் கோடு இறங்குகிறது, எழுவதே இல்லை. அந்த ஏற்பியையோ வாயிலையோ உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பது இதற்கு ஒரு காரணம். ஒளியை உணரும் செல்கள் நலமாக இருந்தும் செய்தி முதல் இணைப்பிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

வெளியான குளூட்டமேட்டை விழித்திரையின் துணைச் செல்களான முல்லர் செல்கள் உறிஞ்சிக் குளூட்டமைனாக மாற்றி நரம்புச் செல்களுக்கே திருப்பித் தருகின்றன. அது தேங்கினால் நஞ்சாகும்: பிறந்த எலிக்குஞ்சுகளுக்குக் குளூட்டமேட் செலுத்தப்பட்டபோது விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிந்ததை லூகஸும் நியூஹவுஸும் 1957இல் காட்டினர்.

காபாவும் கிளைசினும் அடக்கும் செய்திகள். விழித்திரையின் உட்பகுதியில் செய்தியைச் சீராக்கும் அமாக்ரைன் செல்களில் ஏறத்தாழப் பாதி காபாவையும் மறுபாதி கிளைசினையும் பயன்படுத்துகின்றன. கிளைசினின் வலிமைக்கு அறுவை அரங்கிலேயே சான்று உண்டு. சிறுநீர்க்குழாய் வழியே புராஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும்போது, கழுவுவதற்கு 1.5 சதவீதக் கிளைசின் கரைசலைப் பயன்படுத்துவதுண்டு. அது மிகுதியாக இரத்தத்தில் கலந்துவிட்ட நோயாளிகள் சிலருக்குக் கண்ணில் எந்தக் காயமும் இல்லாமலேயே பார்வை மங்கி, முற்றிலும் மறைந்தும் இருக்கிறது. உடல் அந்தக் கிளைசினை அகற்ற அகற்ற, பொதுவாக ஒரு நாளுக்குள் பார்வை திரும்பிவிடுகிறது.