கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் நாம் ஏன் ஜெபிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. எதற்காகவோ உருகி ஜெபித்திருப்பீர்கள், நடந்திருக்காது. "நித்தியமானவர், எல்லாம் அறிந்தவர், அவருக்குத் தெரியாதா?" என்று யாராவது சொல்லி உங்கள் வாயை அடைத்திருப்பார்கள். என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். எனக்கு நடந்தது அதுதான்.

எங்கள் முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் வலி, காலையில் உடை நனைந்திருக்கும். அந்த நிலையில் என்னைப் பார்க்க வந்த ஒரு மூத்த விசுவாசி கையைப் பிடித்துக்கொண்டு, "உலகத்தோற்றத்துக்கு முன்னமே கர்த்தருக்கு இது தெரியும்மா, அழக்கூடாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது, எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர் என்று கேட்டது. பல மாதம் ஜெபிக்க வாய் வரவில்லை.

அதிலிருந்து என்னை மீட்டது பைபிளில் யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரம். இயேசுவின் சிநேகிதன் லாசரு இறந்துவிட்டான். இயேசு கிளம்பும்போதே "நான் அவனை எழுப்பப்போகிறேன்" என்று சீஷர்களிடம் சொல்லிவிட்டார். அதாவது முடிவு அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு நடந்து வரப்போகிறான். அப்படியும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டதும் இயேசு கலங்குகிறார். 35ஆம் வசனம், "இயேசு கண்ணீர் விட்டார்." எல்லாம் தெரிந்தவரே அழுதிருக்கிறார். பிறகு அழக்கூடாது என்று எனக்குச் சொல்ல யாருக்கு உரிமை?

நித்தியம் என்பதை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் காலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 6ஆம் நூற்றாண்டில் போயெத்தியஸ் என்ற ரோமானியர் சிறையில், மரண தண்டனையை எதிர்பார்த்திருந்த நிலையில், இதை யோசித்து எழுதியிருக்கிறார். தேவன் தம் முடிவில்லா வாழ்வை முழுவதும் ஒரே சமயத்தில் உடையவர். நமக்கு நேற்று, நாளை என்று பிரிந்து கிடப்பதெல்லாம் அவருக்கு முன் இன்றாக இருக்கிறது. ஆகவே அவர் நம் நாளையை முன்கூட்டிக் கணிக்கவில்லை, காண்கிறார். ஒருவன் நடந்து போவதை நான் பார்ப்பதால் அவன் நடக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுமா? தேவன் அறிந்திருப்பதாலேயே ஒன்று நடந்தாக வேண்டும் என்ற கணக்கு எனக்கு அங்கேதான் உடைந்தது.

உடனே சிலர், "இது ஓப்பன் தீயிசம், தேவனுக்கு எதிர்காலம் முழுவதும் தெரியாது என்கிறாள்" என்று கிளம்பலாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. முடிவை ஆதியிலேயே அறிவிக்கிறவர் தேவன் என்று சொல்லும் ஏசாயா 46:10ஐ நானும் வாசித்திருக்கிறேன். அவருடைய சித்தம் எங்கே முடிகிறது, நம் சுயாதீனம் எங்கே தொடங்குகிறது என்று நூற்றாண்டுகளாகப் பெரிய வேத அறிஞர்களே வாதாடுகிறார்கள். அதை நான் இங்கே தீர்த்துவைக்கப் போவதில்லை.

"என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்கிறது சங்கீதம் 139. என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் வெகு சிலர். பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆனால் அவர் கண்டிருக்கிறார். அவருக்கு எதுவும் 'முடிந்துபோன விஷயம்' ஆவதில்லை என்பதால் இன்னும் காண்கிறார். எல்லாம் அறிந்தவர் என்ற சொல்லைக் கேட்டால் இன்று எனக்குப் பயம் வருவதில்லை, ஆறுதல்தான் வருகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். 'இவருக்காக ஜெபியுங்கள்' என்று சபையில் பகிரும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை ஊரெல்லாம் பரப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். என் கர்ப்பப்பையின் நிலவரம் எனக்கு அறிமுகமே இல்லாதவர்கள் வாயில் இருந்தது. கர்த்தருக்குத் தான் எல்லாம் தெரியுமே, அவரிடம் விவரம் சொல்ல ஒரு கூட்டம் எதற்கு? பெயரை மட்டும் சொல்லி ஜெபித்தால் அவருக்குப் புரியாதா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே 139ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதல் வசனத்தில், "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்கிறார் தாவீது. என் நாவில் சொல் பிறக்கும் முன்பே உமக்குத் தெரியும் என்கிறார். அப்புறம் பேச்சை நிறுத்திக்கொண்டாரா? இல்லை. நடுவில் துன்மார்க்கர்மேல் இருக்கும் கோபத்தையெல்லாம் கொட்டுகிறார். சபையில் வாசிக்கும்போது பலர் அந்த வசனங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியில் 23ஆம் வசனத்தில், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறார். ஏற்கெனவே அறிந்திருக்கிறீர் என்று தொடங்கியவர், அறிந்துகொள்ளும் என்று வேண்டுகிறார். தகவல் தருவதற்காக அவர் ஜெபிக்கவில்லை. தன்னை முழுவதும் தெரிந்தவரிடம் மறைக்க ஒன்றும் இல்லாததால், தைரியமாகக் கதவைத் திறந்துவிடுகிறார். நான் மறுபடி ஜெபிக்கத் தொடங்கியதும் அப்படித்தான். முதலில் வந்தது கோபம். அதையே சொன்னேன்.