பூங்கா இடத்துல மனைக்கல் நட்டிருக்காங்களா?

அன்னூர் பக்கம் ஆறு ஏக்கர் மனைப்பிரிவுல பூங்கான்னு காட்டின இடத்துல இப்ப கல் நட்டு விக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. வாய்ச் சண்டை வேண்டாங்க, காகிதம் புடிங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா, சாலை போக மீதியில 10 சதவீதம் பொது இடமா ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாகணும். முதல்ல அந்த சர்வே நம்பருக்குப் பதிவுத்துறையில வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. தானப்பத்திரம் ஏறியிருந்தா அது ஊராட்சி இடம், விக்கவே முடியாது. ஏறலைன்னா, நகர் ஊரமைப்பு அலுவலகத்துல அங்கீகரிச்ச வரைபட நகலைத் தகவல் உரிமையில கேளுங்க. நான் விற்பனை நோட்டீஸ்ல இருந்த கலர் படத்தை நம்பி ஆறு மாசம் அலைஞ்சவன்.

ஓரத்துல பள்ளம், அதான் நீரோடை, ஓடுதுன்னீங்களே, அதுக்குப் புலப்படத்தையும் (அந்த சர்வே நம்பரோட அளவு வரைபடம்) எடுத்து வைங்க. மண்ணைக் கொட்டி மூடினாலும் படத்துல அந்த ஓடைக் கோடு அப்படியே இருக்கும்.