கேள்வி–பதில்: போர்ட்ரானும் டிசம்பர் மழையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்ட்ரான் என்ற பழைய கணினி மொழி பற்றியவை. கம்பஸ்களில் இறுதியாண்டு ஆய்வு தொடங்கிவிட்டது போலும். எழுதியவர்கள் எல்லாரும் வேறு மொழியில் நன்றாகவே புரோகிராம் எழுதுகிறவர்கள். ஆகவே லூப் என்றால் என்ன, அணி என்றால் என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: எட்டு வருடமாகப் பைதனில் வேலை செய்கிறேன். மேற்பார்வையாளர் ஒரு பழைய போர்ட்ரான் புரோகிராமைத் தந்து, இதில்தான் வேலை என்கிறார். படிக்க எவ்வளவு காலம் எடுக்கும்? – வந்தாறுமூலை

ப: எழுதப் பழக ஒரு கிழமை. பிறர் எழுதியதை வாசிக்கப் பழக ஒரு மாதம். ஜோன் பேக்கஸின் குழு 1957இல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக வெளியிட்ட மொழிதான் இது என்றாலும், நீங்கள் எழுதப்போவது அந்த மொழியை அல்ல. மொடியூல், முழு அணியையும் ஒரே வரியில் கூட்டுவது, வேண்டியபோது நினைவகம் ஒதுக்குவது எல்லாம் போர்ட்ரான் 90இல் வந்துவிட்டன. மொழியின் கடைசித் தர வரையறை போர்ட்ரான் 2023. நூலகத்தில் போர்ட்ரான் 77 காலத்துப் புத்தகம்தான் கிடைத்தது என்பதற்காக அந்தப் பாணியில் எழுதத் தொடங்காதீர்கள். அதை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வடிவத்தில் வரியின் முதல் 5 இடம் லேபலுக்கு உரியது. 6ஆவது இடத்தில் பூச்சியம் தவிர ஏதாவது எழுத்து இருந்தால் அது முந்திய வரியின் தொடர்ச்சி. 72ஆவது இடத்துக்கு அப்பால் இருப்பதைக் கொம்பைலர், அதாவது நீங்கள் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், பார்க்கவே பார்க்காது. இந்தக் கடைசி விதிதான் ஆளைக் கவிழ்ப்பது. நீண்ட சூத்திரத்தின் வால் வெட்டுப்பட்டு, மிச்சம் தற்செயலாக இலக்கணப்படி சரியாக நின்றுவிட்டால், புரோகிராம் சத்தமில்லாமல் ஓடிப் பிழையான விடையைத் தரும்.

புதிதாக எழுதும் எதிலும் முதல் வேலையாக இம்ப்ளிசிட் நன் போடுங்கள், அறிவிக்காத மாறி எதையும் ஏற்காதே என்று சொல்லும் வரி அது. இதை இன்றைக்கு இன்னொரு தடவையும் சொல்வேன்.

கே: எந்தக் கொம்பைலர் நல்லது? காசு கட்ட வேண்டுமா? – காத்தான்குடி

ப: ஜிஃபோர்ட்ரான். இலவசம். இன்டெலின் ஐஎஃப்எக்ஸ் கொம்பைலரும் இப்போது இலவசம்தான். எதை எடுத்தாலும் எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லி ஓட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் அணியின் எல்லை மீறலைச் சோதிக்கும் விருப்பத்தேர்வையும் போட்டுவிடுங்கள். வேகம் குறையும், குறையட்டும். விடை சரி என்று தெரிந்த பிறகு எடுத்துவிடலாம்.

கே: ஒரு மாறியின் பெயரை ஓரிடத்தில் பிழையாகத் தட்டிவிட்டேன். கொம்பைலர் ஒன்றுமே சொல்லவில்லை. கண்டுபிடிக்க மூன்று நாள் போய்விட்டது. இது என்ன மொழி? – ஏறாவூர்

ப: இம்ப்ளிசிட் நன் போட்டிருந்தால் மூன்று செக்கன் போயிருக்கும். அது இல்லாவிட்டால், ஐ முதல் என் வரையான ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எந்தப் பெயரும் முழுவெண், மற்றதெல்லாம் மெய்யெண் என்று மொழி தானாக எடுத்துக்கொள்ளும். மழைக்கு ரெயின் என்று பெயர் வைத்துவிட்டு ஓரிடத்தில் ரைன் என்று தட்டினால் அது இன்னொரு மாறி. அதற்குள் என்ன குப்பை கிடக்கிறதோ அதுதான் அன்றைக்கு உங்கள் மழை.

கே: பரனைற்றைச் செல்சியஸுக்கு மாற்றினேன். மட்டக்களப்பில் எல்லா நாளும் 0 பாகை என்று வருகிறது. – ஆரையம்பதி

ப: 5/9 என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் முழுவெண்தான் வரும், இங்கே பூச்சியம். 5.0/9.0 என்று எழுதுங்கள்.

கே: சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்க் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு செக்கன் காலப் படி, வரத்து செக்கனுக்கு 20 கன மீட்டர். குளம் கிட்டத்தட்ட நிறைந்த நிலையில் தொடங்கினால் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கொள்ளளவு கூடுவதே இல்லை. – அம்பாறை

ப: ஒரு செக்கன் படி வைக்கச் சொன்னது யார்? நாளுக்கு ஒரு தரம் மட்டம் வாசிக்கிற குளத்துக்கு ஒரு நாள் படி தாராளம்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. சும்மா ரியல் என்று அறிவித்தால் கிடைப்பது 4 பைட் மெய்யெண். அதில் ஏறத்தாழ 7 இலக்கம்தான் நிற்கும். நிறைந்த குளம் சுமார் 950 மில்லியன் கன மீட்டர். அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி 64. நீங்கள் கூட்டும் 20, பாதி இடைவெளிக்கும் குறைவு. ஆகவே கிட்டத்தில் உள்ள எண்ணுக்கு, அதாவது பழைய எண்ணுக்கே, திரும்பிவிடுகிறது. இதையே பாதிக் குளத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே இடைவெளி 32 என்பதால் ஒவ்வொரு தரமும் 20க்குப் பதில் 32 கூடும். நிறைந்த குளத்தில் கூடாமல் நின்றதால்தான் உங்களுக்குச் சந்தேகமே வந்தது. பாதிக் குளத்தில் தொடங்கியிருந்தால் அந்த விடையை அப்படியே அறிக்கையில் போட்டிருப்பீர்கள்.

ஐஎஸ்ஓ போர்ட்ரான் என்வ் மொடியூலில் இருந்து 8 பைட் மெய்யெண் வகையான ரியல்64ஐ எடுத்து எல்லா மெய்யெண்களையும் அந்த வகையில் அறிவியுங்கள். மாறியை மட்டும் மாற்றினால் போதாது. வெறுமனே 0.1 என்று எழுதிய மாறிலி 4 பைட்டாகவே உருவாகி, உங்கள் 8 பைட் மாறிக்குள் 0.100000001 என்கிற மாதிரிப் போய் உட்காரும். மாறிலியின் வாலிலும் வகையை எழுத வேண்டும்.

கே: நெல்லின் நீர்த்தேவையைக் கணிக்கும் மாதிரி ஒன்றை ஓட்டுகிறேன். பெரும்போகத்தில், அதுவும் டிசம்பரில், வயலுக்குத் தண்ணீர் போதாது என்று விடை வருகிறது. டிசம்பர் மழை மொத்தமே 19 மி.மீ. என்கிறது. போர்ட்ரானின் கணிப்பில் கோளாறு இருக்குமா? மழைக் கோப்பை இணைத்திருக்கிறேன். – சம்மாந்துறை

ப: கோப்பை இணைத்ததற்கு நன்றி. இந்த முறை அதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கணிப்பில் கோளாறு இல்லை. உங்கள் கோப்பில் ஆண்டுக்கு 4 இடம், நாளின் எண்ணுக்கு 4 இடம், மழைக்கு 6 இடம். மழையை எஃப்6.1 என்ற வடிவத்தில் வாசிக்கிறீர்கள், அதாவது 6 இடம், புள்ளி இல்லாவிட்டால் கடைசி இலக்கம் தசமம். 350ஆம் நாளிலிருந்து ஏழெட்டு வரிகளில் அந்த 6 இடமும் வெறுமையாக இருக்கிறது. வெறுமையான எண் புலத்தைப் போர்ட்ரான் பூச்சியம் என்று வாசிக்கும். எச்சரிக்காது, நிற்காது. மொழியின் தரமே அப்படித்தான் சொல்கிறது. ‘அன்றைக்கு அளக்கவில்லை’ என்று ஏடு சொன்னதை ‘அன்றைக்கு மழை இல்லை’ என்று உங்கள் மாதிரி எடுத்துக்கொண்டது.

இதை நான் எத்தனையோ தரம் எழுதியாயிற்று, இனியும் எழுதுவேன், ஏனென்றால் இந்தக் கிழக்குக் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மி.மீ. அதில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிறது. சரி, மழைமானி எந்த நாளில் வாசிக்கப்படாமல் போகும்? பாதை வெள்ளத்தில் மூழ்கிய நாளில். மானி நிரம்பி வழிந்த நாளில். ஆகவே வெற்றிடங்கள் வருடம் முழுவதும் ஒரே மாதிரிச் சிதறிக் கிடப்பதில்லை. பெருமழை நாட்களாகப் பார்த்து வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றைப் பூச்சியமாக்கினால் கொஞ்சம் மழை குறைவதல்ல, அந்தப் போகத்தின் மழையே போய்விடும். 1990களின் ஏடுகளில் மாதக்கணக்கில் வெற்றிடம் கண்டால் அதற்குக் காரணம் என்ன என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவற்றையும் பூச்சியம் என்று வாசித்துவிட்டு, அந்தப் பத்தாண்டில் வரட்சி என்று முடிவு எழுதிய ஆய்வறிக்கை ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் கோப்பில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. சில வரிகளில் 45.2 என்று புள்ளியோடு, சில வரிகளில் 452 என்று புள்ளியில்லாமல். எஃப்6.1 இரண்டையும் 45.2 என்றே வாசிக்கும், அந்த மட்டில் தப்பினீர்கள். ஆனால் மார்ச் மாதத்துக்குப் பிறகு யாரோ முழு மில்லிமீற்றரில் 45 என்று அடித்திருக்கிறார். அது 4.5 ஆகிவிட்டது.

வடிவத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டு வாசித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்போது வெற்றிடத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய், அங்கே முதலில் உள்ள ஆண்டை எடுத்து மழையாக வைத்துவிடும். ஒரே நாளில் 2,000 மி.மீ.க்கு மேல் மழை! அதுவாவது கண்ணில் படும்.

செய்ய வேண்டியது இதுதான். வரி முழுவதையும் எழுத்துச் சரமாக வாசியுங்கள். மழைக்குரிய 6 இடத்தை வெட்டியெடுங்கள். வெறுமையாக இருந்தால் ‘இல்லை’ என்று குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் மட்டும் அந்தச் சரத்திலிருந்து எண்ணை வாசியுங்கள். குறியாக –99.9 வைப்பது வழக்கம். வைத்தால் கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் சோதிக்க வேண்டும், அதை மறந்து மாத மழை மறைப் பெறுமானமாக வந்த கதைகளும் உண்டு. பிறகு, விடுபட்ட நாட்களை அயல் மானியைக் கொண்டு நிரப்பினீர்களா, அந்த வருடத்தையே விட்டுவிட்டீர்களா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். மிக அற்ப மழைக்கு டி என்ற எழுத்தைப் போட்ட வரியில் புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிட்டது என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கோப்பில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

கே: போர்ட்ரான் மின்னல் வேகம் என்றார்கள். 5000க்கு 5000 அணியைக் கூட்ட என் புரோகிராம் பைதனின் நம்பை நூலகத்தை விட மெதுவாக ஓடுகிறது. – ஒலுவில்

ப: லூப்பைத் தலைகீழாக எழுதியிருப்பீர்கள். சீ மொழியிலும் நம்பையின் வழமையான அணியிலும் நினைவகத்தில் நிரை நிரையாக இருக்கும், போர்ட்ரானில் நிரல் நிரலாக இருக்கும். முதல் சுட்டி உள் லூப்பில் ஓட வேண்டும். 200 மெகாபைட் அணியில் ஒவ்வொரு எண்ணுக்கும் 40,000 பைட் பாய்ந்து போனால் எந்த மொழியும் மெதுவாகத்தான் ஓடும். ஓ2 என்ற உகப்பாக்கத்தையும் போட்டுத்தான் நேரம் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

கே: ஒரு சப்ரூட்டினை முதல் தரம் அழைத்தால் கூட்டுத்தொகை சரி. இரண்டாம் தரம் அழைத்தால் பழையதோடு சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு தரமும் பூச்சியத்தில் தொடங்கத்தானே எழுதியிருக்கிறேன்? – கல்முனை

ப: அறிவிக்கும் வரியிலேயே பூச்சியம் கொடுத்திருக்கிறீர்கள். போர்ட்ரானில் அது முதல் தரம் மட்டும்தான் நடக்கும். அதற்குப் பிறகு மாறி தன் பழைய மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். சீ, ஜாவா தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி இது. ஒரு வரியில் அறிவியுங்கள், இன்னொரு வரியில் பூச்சியமாக்குங்கள்.

கே: அணி 1இல்தான் தொடங்க வேண்டுமா? – வாழைச்சேனை

ப: இல்லை. 0 முதல் 365 வரை என்றே அறிவிக்கலாம், மறை எண்ணிலும் தொடங்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள், 2:5 என்றால் இங்கே 5உம் சேர்த்தி, நான்கு உறுப்புகள்.

கே: போன வருடம்வரை கொம்பைல் ஆன பழைய புரோகிராம், புது லெப்டொப்பில் தரவு வகை பொருந்தவில்லை என்று எரர் தருகிறது. – களுவாஞ்சிகுடி

ப: ஜிஃபோர்ட்ரான் 10இலிருந்து, அதாவது 2020இலிருந்து, முன்பு எச்சரிக்கையாக விட்டதை எரராக எடுக்கிறது. அதைத் தளர்த்த ஒரு விருப்பத்தேர்வு உண்டு, ஜிஃபோர்ட்ரான் கையேட்டில் பாருங்கள். இன்றைக்கு ஓட்ட அது போதும். ஆனால் முழுவெண் எதிர்பார்க்கும் இடத்துக்கு மெய்யெண்ணை அனுப்பிய வரி அங்கேயே இருக்கும். இத்தனை வருடமாக அந்த எச்சரிக்கையை யாரும் வாசிக்கவில்லை.

கே: 4,000 வரி பழைய புரோகிராமை முழுவதும் பைதனுக்கு மாற்றிவிடலாமா? கோ டூ, கொமன் எல்லாம் பார்த்துத் தலை சுற்றுகிறது. – செங்கலடி

ப: ஏன்? பழசு என்பதைத் தவிர வேறு காரணம் உங்கள் கடிதத்தில் இல்லை. நம்பையோடு வரும் எஃப்2பை கொண்டு அதைப் பைதனிலிருந்தே அழைக்கலாம். எதைத் தொடுவதற்கு முன்னும் பழைய புரோகிராமை ஐந்தாறு வேறு வேறு தரவுகளோடு ஓட்டி விடைகளைச் சேமித்து வையுங்கள். பிறகு ஒரு சப்ரூட்டினை மாற்றுவது, ஓட்டி ஒப்பிடுவது, அடுத்ததற்குப் போவது. பல சப்ரூட்டின்கள் பகிர்ந்துகொள்ளும் கொமன் தொகுதியில் ஒவ்வொரு சப்ரூட்டினும் வேறு பெயர் வைத்திருக்கலாம். அங்கே பெயர் பொருட்டல்ல, வரிசைதான் பொருட்டு. கடைசி இலக்கம் வரை விடை ஒத்துவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது இலக்கத்திலேயே மாறினால் நிறுத்தித் தேடுங்கள்.

கே: இதைப் படித்தால் மகனுக்கு வேலை கிடைக்குமா? – அக்கரைப்பற்று

ப: இதை மட்டும் படித்தால் இங்கே கிடைக்காது. வானிலைக்கு டபிள்யூஆர்எஃப், பயிருக்கு டிஎஸ்எஸ்ஏடி என்று போர்ட்ரானில் எழுதிய பெரிய மாதிரிகள் இன்றும் ஓடுகின்றன. அந்தத் துறைகளில் மேற்படிப்புக்குப் போகிறவருக்கு உதவும். மகனுக்குக் கணிதத்தில் விருப்பமா என்று முதலில் கேளுங்கள்.

கே: இணைத்துள்ள 6 கணக்குகளுக்கும் போர்ட்ரானில் விடை எழுதி வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பவும். அவசரம். – பெயர், ஊர் இல்லை

ப: அனுப்ப மாட்டேன், தம்பி. ஆனால் மூன்றாவது கணக்கு 3 × 4 தாயம் ஒன்றுக்கு நேர்மாறு கேட்கிறது. அதற்கு எந்த மொழியிலும் விடை கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு முன் விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள்.