முதலில் வீட்டார் பழகட்டும்

கோலாலம்பூரில் வீடு வீடாகப் போய் நாய் பழக்குவது என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து ஓர் அக்கா: மூன்று மாதம் பயிற்சிக்கு விட்டோம். அங்கே சொன்னதைச் செய்கிறான், வீட்டில் எங்களைக் கண்டுகொள்வதே இல்லை. காசு வீணா?

வீண் இல்லை அக்கா. அவன் பயிற்சியாளரின் குரலையும் கையசைவையும் படித்துவிட்டு வந்திருக்கிறான், உங்களுடையதை இன்னும் படிக்கவில்லை. ஓர் இடத்தில் கற்றதை நாய் இன்னோர் இடத்துக்குத் தானாகக் கொண்டு வராது. வீட்டில் மறுபடி முதலிலிருந்து சொல்லித் தர வேண்டும், அதுவும் நீங்களே.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு. பாட்டி ‘உக்காரு’ என்பார், அப்பா ‘சிட்’ என்பார், பணிப்பெண் மலாயில் ‘டுடோக்’ என்பார். மகன் எதுவும் சொல்லாமல் முதுகை அழுத்துவான். மூன்று மொழியையும் நாயால் கற்க முடியும், ஆனால் அங்கே யாருமே தன் சொல்லில் நிலையாக இல்லை. பாட்டிக்கு வசதியான ‘உக்காரு’ என்பதையே எல்லாரும் சொல்வது என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினோம். முதல் வாரம் முழுக்க நான் பழக்கியது அந்த நான்கு பேரைத்தான். பிறகு நாய்க்கு அதிக நாள் தேவைப்படவில்லை.

கெப்போங்கிலிருந்து ஒரு தம்பி: வேலை விட்டு வந்ததும் மேலே தாவுகிறான். திட்டினாலும் தள்ளினாலும் நிறுத்தவில்லை.

நாள் முழுக்கத் தனியாக இருந்தவனுக்குத் திட்டும் தள்ளலும்கூடக் கவனிப்புதான். தாவினால் பேசாமல் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்ட ஓரிரு விநாடிக்குள் தடவிக் கொடுங்கள். ஐந்து விநாடி தாமதித்தால் அவன் அதற்குள் வேறு எதையாவது செய்திருப்பான், பரிசு அதற்குப் போய்விடும்.

முதல் சில நாள் தாவல் கூடும். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று இன்னும் பலமாக முயல்வான். அப்போது மனம் இளகி ஒரு தடவை கொஞ்சிவிட்டால், விடாமல் தாவினால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். எப்போதாவது கிடைக்கும் பரிசு பழக்கத்தை மறையவிடாது என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் எலி, புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். அதனால் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

செராஸ்: சாயங்காலம் வந்து பார்த்தால் சோபா ஓரம் மூத்திரம். என்னைப் பார்த்ததுமே குற்ற முகத்தோடு பதுங்குகிறது. தெரிந்தேதானே செய்கிறது?

இல்லை. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் தப்பு செய்ததைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டியபோது வந்தது, தப்பே செய்யாத நாய்க்கும் வந்தது. அது உங்கள் கோபத்தைப் பார்த்து வரும் பயம். பல மணி நேரத்துக்கு முன் நடந்ததற்கு இப்போது அடித்தால், நீங்கள் வீடு திரும்புவதே ஆபத்து என்றுதான் அது கற்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள். வேலைக்குப் போகும் முன் வெளியே கூட்டிப்போங்கள், மதியம் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். திடீரென்று தொடங்கிய பழக்கம் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொருவர்: நான்தான் தலைவன் என்று காட்ட நாயை மல்லாத்தி அழுத்தச் சொல்கிறார் கூட்டாளி. சரியா?

வேண்டாம், கடி வாங்குவீர்கள். அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து ஓர் ஆய்வாளர் 1947-இல் எழுதியதிலிருந்து வளர்ந்த எண்ணம் அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், தலைமைக்குச் சண்டை போடும் கூட்டம் அல்ல என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் எழுதிவிட்டார்.

பினாங்கு, ஆயர் ஈத்தாம்: அடுக்குமாடி காண்டோ லிப்டில் மலாய்க்கார அண்டை வீட்டார் ஒதுங்குகிறார்கள். என் நாய் ரொம்ப சாதுவானது, எப்படிப் புரியவைப்பது?

அவர்களுக்கு எதையும் புரியவைக்க வேண்டாம். அவர்கள் முஸ்லிம்கள்; நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மத முறைப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். தொழுகைக்குக் கிளம்பியவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். லிப்டில் யாராவது இருந்தால் அடுத்ததில் போங்கள். நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது ஏற வந்தால், சங்கிலியைக் குட்டையாகப் பிடித்து நாயை மூலையில் உட்கார வைத்து, நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, ஏறுகிறீர்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்து விடை கொடுங்கள்.