ரிமோட் வியூ திறக்காவிட்டால் சேர்வரை மீள நிறுவ வேண்டுமா?

வேண்டாம். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் ரிமோட் வியூவை, அதாவது சேர்வரில் உள்ள தரவை எடுத்துக் காட்டும் வினவலை, திறக்கும்போது 1526 என்ற இணைப்புப் பிழை வருகிறது, தரவைச் சேமித்து வைத்திருக்கும் எஸ்கியூஎல் சேர்வரை அழித்து மீள நிறுவச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றக் கணினிகளில் அதே வியூ திறக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் சேர்வரில் கை வைக்கவே கூடாது.

திருகோணமலை நகரில் ஒரு கட்டடப் பொருள் கடையின் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதன் கிண்ணியாக் கிளைக்குப் புதுக் கணினி வாங்கியதும் இதே பிழை வந்தது. கணினியை விற்றவர்கள் பழுது சேர்வரில்தான் என்று அடித்துச் சொல்லி, மீள நிறுவுவதற்குக் கொட்டேஷனும் அனுப்பிவிட்டார்கள். நகரக் கடையின் கணினிகள் அதே சேர்வரை நம்பிப் பற்றுச்சீட்டு அடித்துக்கொண்டிருந்ததை அவர்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. "தம்பி, பத்து வருஷக் கணக்கு அதுக்குள்ள கிடக்கு" என்று முதலாளி கலங்கிப்போனார்.

1526 என்ற எண், இணைப்பில் ஏதோ கோளாறு என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. பிழை விவரங்களைப் பட்டியலாகத் தரும் ஃபாக்ஸ்ப்ரோவின் ஏஎரர் செயற்கூறு நிரப்பித் தரும் அணியின் நான்காவது உறுப்பில் உள்ள ஐந்தெழுத்துக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். கிண்ணியாவில் அது ஐஎம்002 என்று இருந்தது. டிஎஸ்என், அதாவது சேர்வரோடு இணையும் விவரத்தைக் கணினியில் பதிந்துவைக்கும் பெயர், அகப்படவில்லை என்பது அதன் பொருள். ஃபாக்ஸ்ப்ரோ 32 பிட் மென்பொருள் என்பதால், டிஎஸ்என்னை உருவாக்கும் ஓடிபிசி கருவியின் 64 பிட் வடிவில் உருவாக்கிய சிஸ்டம் டிஎஸ்என் (கணினியின் எல்லாப் பயனருக்கும் பொதுவானது) அதன் கண்ணில் படாது. விண்டோஸில் 64 பிட் ஓடிபிசி கருவி சிஸ்டம்32 கோப்புறையிலும், 32 பிட் கருவி சிஸ்வாவ்64 கோப்புறையிலும் இருப்பதால், பெயரை நம்பித் திறப்பவர் இடம் மாறிப்போவார். இரண்டாவது கோப்புறையில் உள்ள கருவியைத் திறந்து, அதே பெயரில் டிஎஸ்என்னை உருவாக்கியதும் வியூ திறந்துகொண்டது.

உங்களுக்கு 08001 வந்தால், சேர்வரை எட்டவே முடியவில்லை என்று பொருள்; சேர்வருக்குப் போகும் 1433 என்ற போர்ட்டைத் தீச்சுவர் மறிக்கிறதா, வலையமைப்பு வழியாக இணைய உதவும் டிசிபி/ஐபி சேர்வரில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். 28000 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 08எஸ்01 என்றால், ரவுட்டர் அணைந்து எழுந்ததுபோல் இணைப்பு இடையில் அறுந்திருக்கிறது. மென்பொருளை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

இந்தக் காலத்திலும் ஃபாக்ஸ்ப்ரோவா என்று சிலர் கேட்பார்கள். 9.0 பதிப்பு 2004இல் வந்தது, மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2015இல் முடிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பழைய கணக்கை அந்தச் சேர்வரிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதை இன்றே அழித்துவிட்டு எதை எடுப்பது?

அந்த ஐந்தெழுத்துக் குறியீட்டை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.