கடைசிப் பக்கத்துக் கேள்விகள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வணிக மேலாண்மை படிக்கும் மாணவி. இறுதியாண்டுக்கு முன் ஓராண்டு முழுவதும் ஒரு நிறுவனத்தில் பணிப்பயிற்சி பெற வேண்டும் என்பது எங்கள் படிப்பின் விதி. அதன்படி ஒரு பெரிய கார்ப்பரேட் நிறுவனத்தின் நிதித் திட்டமிடல் பிரிவில் சேர்ந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அவற்றை எப்படிக் கடக்கப்போகிறேன் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கு வேலை என்று பெரிதாக எதுவும் தரப்படவில்லை. மற்றவர்கள் தயாரித்த அறிக்கைகளுக்குப் பக்க எண் போடுவது, வரைபடங்களின் நிறங்களைச் சீராக்குவது, மீட்டிங் குறிப்புகளைத் தட்டச்சு செய்து மெயில் அனுப்புவது, இவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, ஏற்கெனவே படித்து முடித்த கோப்பையே லேப்டாப்பில் திறந்துவைத்து மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பேன். மீட்டிங்குகளில் அவர்கள் பேசுவதில் பாதி சுருக்கப்பெயர்களாகவே இருக்கும். புரியாதவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். இரண்டாம் மாதத்தில் கேட்டிருந்தால் இயல்பாக இருந்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் கேட்டால், 'இத்தனை நாள் இதுகூடத் தெரியாமலா இருந்தாய்?' என்று நினைப்பார்களே என்று கேட்காமலே விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் தொடங்கிய அந்தக் கேள்விகள் இப்போது பின்னாலிருந்து பதினோரு பக்கங்களை நிறைத்திருக்கின்றன.

ஆறாம் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். மாதச் செலவு அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை சேர்த்தபோது, அது கூட்டல் சூத்திரத்தின் வரம்புக்குள் வரவில்லை. மொத்தத் தொகை குறைவாகவே மேலதிகாரிகளின் பார்வைக்குப் போய்விட்டது. மீட்டிங்கில்தான் அது தெரியவந்தது. "திருத்தி அனுப்பிவிடுகிறோம்" என்று என் மேற்பார்வையாளர் சமாளித்தார். பிறகு என் இருக்கைக்கு வந்து, "அடுத்த முறை கூட்டல் வரம்பை ஒருதரம் பார்த்துக்கொள்ளம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து இரண்டு வரி மெயிலைக்கூடப் பத்து முறை படித்த பிறகே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிற்றைப் பிசைகிறது. பல இரவுகளில் தூக்கம் பிடிக்க இரண்டு மணியாகிவிடுகிறது.

கல்லூரியில் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாதந்தோறும் அனுப்பும் அறிக்கையில், 'பயிற்சி நல்லபடியாகச் செல்கிறது' என்றே எழுதிவருகிறேன். இது 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்கிறாள் தோழி. அப்படித்தானா? அல்லது கார்ப்பரேட் வேலைக்கே நான் லாயக்கில்லாதவளா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத மாணவி

•

அன்புள்ள மாணவிக்கு,

வணக்கம். தோழி சொன்ன பெயரிலிருந்து தொடங்குகிறேன். பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் 1978-இல் அந்த மனநிலையை விவரித்தபோது, படிப்பிலும் தொழிலிலும் சாதித்துக் காட்டிய பிறகும் தங்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று உள்ளூர நம்பிய பெண்களைப் பற்றியே எழுதினார்கள். உங்கள் நிலை வேறு. உங்களுக்குச் சில விஷயங்கள் உண்மையிலேயே தெரியாது. தெரியாதவற்றைத் தெரிந்துகொள்வதற்காகவே உங்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். உங்களை வாட்டுவது அறியாமை அல்ல, ஒன்பது மாதங்களாக அதை மறைத்துவைக்கப் பட்ட பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. படித்த கோப்பையே மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, ஒரு நாள் முழுவதும் அப்படி நடிப்பது வேலை செய்வதைவிடக் களைப்பான காரியம்.

பக்க எண் போட்ட நாட்களை நீங்கள் வீண் என்று கணக்கெழுதிவிட்டீர்கள். அதில் நான் உடன்படவில்லை. ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் லைபீரியாவின் தையற்கடைகளில் தொழில் பழகியவர்களை நெடுநாள் கவனித்தார். அங்கே புதிதாக வந்தவரிடம் முதலில் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. முடிந்துவரும் ஆடைக்குப் பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என்று கடைசி வேலையிலிருந்துதான் பழக்கம் தொடங்கும். பிறகு துண்டுகளை இணைப்பது, எல்லாவற்றுக்கும் பின்னரே துணி வெட்டுவது. தையல் பிசகினால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், வெட்டு பிசகினால் துணியே போய்விடும். அதுமட்டுமல்லாமல், பொத்தான் தைப்பவரின் மடியில் முழுச் சட்டையும் கிடக்கும். எந்தத் துண்டு எதனோடு சேர்கிறது என்பதை அவர் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பார். லேவும் எட்டியன் வெங்கரும் 1991-இல், இப்படி ஓரத்தில் நின்று பங்கேற்பதையே புதியவர் கற்பதற்கான முறையான வழியாக விளக்கினார்கள். நீங்கள் பக்க எண் போட்ட அறிக்கைகளும் முழுச் சட்டைகள்தாம். எந்தச் செலவு எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது, எந்த எண்ணை மேலதிகாரிகள் முதல் பக்கத்தில் எதிர்பார்க்கிறார்கள் என்பவை உங்கள் கைவழியாகக் கடந்துபோயிருக்கின்றன. அவற்றைப் பார்த்ததால்தானே உங்களுக்குப் பதினோரு பக்கக் கேள்விகள் பிறந்தன?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பழகுபவருக்கு அருகே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பயிற்சிக்கு வந்தவரிடம் வாரத்தில் அரை மணி நேரம்கூட ஒதுக்கிப் பேசாமல் விட்டது அந்த நிறுவனத்தின் குறைதான். அந்தப் பழியையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

கூட்டல் தவறைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எக்செல்லில் வேலை செய்பவர்களில் அதைச் செய்யாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டதாக நீங்கள் நினைப்பதுதான் கவனிக்க வேண்டியது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும், கூச்சம் தரும் படம் அச்சிட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு அணிவித்து, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேரே. உங்கள் மேற்பார்வையாளர் ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டதை வெறுப்பு என்று நீங்கள் படித்துவிட்டீர்கள். அவர் சொன்னதில் 'அடுத்த முறை' என்றொரு சொல் இருந்ததே, அதைக் கவனித்தீர்களா?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றிரவு அந்தப் பதினோரு பக்கங்களையும் நிதானமாகப் படியுங்கள். கணிசமானவற்றுக்கு இப்போது உங்களுக்கே விடை தெரிந்திருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். மீதியில், கேட்காவிட்டால் வேலை தடைப்படும் என்கிற மூன்றைத் தேர்ந்தெடுத்து, மேற்பார்வையாளரிடம் தனியாகப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். "எனக்கு இன்னும் மூன்று மாதங்களே இருக்கின்றன, போவதற்கு முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்" என்று தொடங்கினால் போதும். ஐந்தாம் மாதத்தில் கூச்சமாக இருந்த கேள்வி, விடைபெறப் போகிறவர் கேட்கும்போது அக்கறையாகவே தெரியும். மெயிலைப் பொறுத்தவரை, அனுப்புமுன் பெறுநர், இணைப்பு, கூட்டல் என்ற மூன்றை மட்டும் ஒருமுறை சரிபார்த்து அனுப்பிவிடுங்கள். முதல் சில நாட்கள் கை நடுங்கும். நடுக்கத்தோடே அனுப்புங்கள். பத்து முறை படிப்பது பயத்தைத் தணிப்பதுபோல் இருக்கும், ஆனால் படிக்காவிட்டால் ஆபத்து என்று மனத்துக்குக் கற்றுக்கொடுப்பதும் அதுவேதான்.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள்.

கடைசியாக, அந்த மாத அறிக்கை. படிப்பையும் பணியிடத்தையும் இணைக்கும் இந்த ஏற்பாட்டை ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது, பொறியியல் மாணவர்கள் வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறிச் சென்றார்கள். அங்கே இடறியதை இங்கே வந்து கேட்க அவர்களுக்கு வழி இருந்தது. உங்களுக்கு அந்த வழி, பேராசிரியருக்கு எழுதும் அந்த ஒரு தாள்தான். பத்தாம் மாதத்துத் தாளில் 'நல்லபடியாகச் செல்கிறது' என்ற வரியை விட்டுவிடுங்கள். கூட்டல் வரம்பில் சறுக்கியதையும், அடிக்காமல் மிஞ்சிய கேள்விகள் எத்தனை என்பதையும் அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்